சின்னப் பள்ளியின் கணக்கு: சித்தூர் எல்லைக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் முதல் நாள் புதுப் பிள்ளைகளை வரவேற்கும் பிரவேசனோற்சவம் முடிந்து, பலூனும் தோரணமும் கழற்றிய பிறகுதான் ஒரு பள்ளிக்கூடம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரியும். நான்கு வகுப்பு, எச்.எம்.மையும் சேர்த்து நான்கு ஆசிரியர், முப்பதோ நாற்பதோ பிள்ளைகள். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் இருக்கிற தமிழ் வழி எல்.பி. பள்ளிகள் (ஒன்று முதல் நாலு வரையிலான தொடக்கப் பள்ளிகள்) பலவும் இப்படித்தான். நியமன உத்தரவோடு வந்திறங்குகிற ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே யாராவது கேட்பார்கள்: “டீச்சர், நம்ம ஸ்கூல் எப்படி இருக்கு? பிள்ளைக படிக்குதா?”

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. பதினெட்டு ஆண்டுகளாக இந்த எல்லையோரப் பள்ளிகளில் வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் மார்க் பட்டியலை மட்டும் பார்த்துப் பதில் சொன்னேன். அதனால் சில பிள்ளைகள் என் கண்ணில் படாமலே நாலாம் வகுப்பைக் கடந்து போனார்கள். அவர்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அது நேரக் கூடாது. பள்ளியில் இருக்கிற பிள்ளைகள் யார், அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை முதல் ஆண்டிலேயே கண்டறிய நான் செய்துவருகிற வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வாரம்: பழைய ரெஜிஸ்டர்கள்

எச்.எம்.மிடம் கேட்டு இவற்றை வாங்கி வையுங்கள்: அட்மிஷன் ரெஜிஸ்டர், கடந்த மூன்று ஆண்டுகளின் வருகைப் பதிவேடு, டி.சி. அடிக்கட்டைகள், மதிய உணவுப் பதிவேடு, ஓணத்துக்கு முன்னால் நடக்கும் முதல் பருவத் தேர்வான ஓணப் பரீட்சை தொடங்கி ஆண்டுப் பரீட்சை வரையிலான மார்க் பட்டியல்கள். கூடவே சம்பூர்ணாவிலிருந்து பிள்ளைகள் பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பூர்ணா என்பது கேரளப் பள்ளிகளின் மாணவர் விவரமெல்லாம் ஏறுகிற மென்பொருள், கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் நடத்துவது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய பள்ளி விவரம் அதே நிறுவனத்தின் சமேதம் தளத்தில் இருக்கிறது. உங்கள் பள்ளியைப் பற்றி வெளியே என்ன தெரிகிறது என்று அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாடு முழுக்க ஒவ்வொரு பள்ளியையும் அடையாளம் காட்டும் 11 இலக்க யூடைஸ் எண் ஒன்று உங்கள் பள்ளிக்கும் உண்டு. கேரளப் பள்ளி என்றால் 32 என்றும், தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்றும் தொடங்கும். எல்லையோரத்தில் இந்த முதல் இரண்டு இலக்கம் பெரிய உதவி. ஒரு பிள்ளை முன்பு படித்த பள்ளி எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கிற இடங்களில் பெயரை நம்பினால் ஏமாந்துபோவோம்.

மதிய உணவுப் பதிவேட்டைப் பலர் சமையல்காரரின் கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்காதீர்கள். காலையில் வருகை 34, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் 29 என்றால் மீதி ஐந்து பேர் யார்? இரண்டு பேர் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வருவார்கள். மூன்று பேர் மதியமே வீட்டுக்குப் போய், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வராமல் இருந்துவிடுவார்கள். பாலும் முட்டையும் கொடுக்கிற நாட்களில் மட்டும் வருகை கூடுகிறதா என்றும் பாருங்கள். கூடினால் அந்த வீடுகளில் காலை அடுப்பு எரிவதில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். அந்தப் பிள்ளையின் பத்து மணி கணக்கு மார்க்கைப் பசியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தலைகளை எண்ணுவது

கேரளத்தில் ஆறாம் வேலை நாள் என்பது பெரிய நாள். அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. ஆதார் எண் சரியாக ஏறாத பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதில் சிக்கல் வரும். எல்லை தாண்டி வந்த குடும்பங்களில் இந்தச் சிக்கல் அதிகம் என்பதால் முதல் ஐந்து நாட்களில் இதைத்தான் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை குறைந்தது இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளை கூடுவதும் குறைவதும் ஒரு ஆசிரியரின் பிழைப்பைத் தொடும். அதனால் அந்த ஒரு நாளில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள், பிறகு எண்ணுவதை விட்டுவிடுவார்கள்.

நீங்கள் விடாதீர்கள். ஓணம் முடிந்து ஒருமுறை, ஜனவரி கடைசியில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை எண்ணுங்கள். செங்கல் சூளைக்கும் தோப்புக்கும் வேலைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஜூனில் இருந்து ஜனவரியில் இல்லாமல் போவதும், ஜூனில் இல்லாமல் நவம்பரில் வந்து சேர்வதும் வழக்கம். நடுவில் வருகிற பிள்ளையிடம் டி.சி. இல்லை, பிறந்த தேதிச் சான்று இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் தடுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டம் இரண்டையும் சேர்க்கையை மறுக்கும் காரணமாக ஏற்பதில்லை.

பெயரில் ஒரு சங்கதி. தமிழ்நாட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இங்கே பெயருக்குப் பின்னால். தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுத்து மாறும். ஒரே பிள்ளை ஆதாரில் ஒரு பெயராகவும், அட்மிஷன் ரெஜிஸ்டரில் இன்னொன்றாகவும், அங்கன்வாடிப் பட்டியலில் மூன்றாவதாகவும் இருப்பதைப் பார்ப்பீர்கள். எண்ணுவதற்கு முன்னால் மூன்றையும் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஒன்றாம் வகுப்பிலேயே திருத்தினால் அரைமணி வேலை. பத்தாம் வகுப்பில் திருத்த அந்தக் குடும்பம் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு வரி

இனி ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து, பள்ளியின் எல்லாப் பிள்ளைகளையும் எழுதுங்கள். ஆளுக்கு ஒரு வரி. கட்டங்கள் இவை: வகுப்பு, பிறந்த தேதி, எந்த ஊர், வீட்டில் யாரோடு இருக்கிறது, வீட்டில் பேசும் மொழி, எந்தப் பள்ளியிலிருந்து வந்தது, சாதிப் பிரிவு, சான்றிதழ் இருக்கிறதா, ரேஷன் கார்டு எந்த மாநிலத்துடையது, மாத வருகை, வாசிப்பு நிலை, கணக்கு நிலை, கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா. கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘இப்போது எங்கே’. அது இந்த ஆண்டு காலியாக இருக்கட்டும்.

நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது வரிதான். நானூறு பிள்ளைகள் இருக்கிற பள்ளி ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது. சின்னப் பள்ளிக்கு இருக்கிற பெரிய வசதி இதுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த நோட்டு உங்கள் மேசையைவிட்டு வெளியே போகக் கூடாது. படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது கூடவே கூடாது. சின்ன ஊரில் ‘எஸ்.டி., வாசிப்பு: எழுத்து நிலை’ என்று ஒரு வரி வெளியே போனால், பெயர் இல்லாவிட்டாலும் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

‘யாரோடு இருக்கிறது’ என்ற கட்டத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் நிரப்ப முடியும். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில், அம்மா தோப்பு வேலையில், பிள்ளை பாட்டியோடு என்று வரும். வீட்டுப் பாடத்தை யார் பார்க்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். வீடு வீடாகப் போக ஜூன், ஜூலை சனிக்கிழமைகள் போதும். எங்கள் பக்கம் மழை நிழல் பூமி என்பதால் மழைக்கும் அவ்வளவாகப் பயப்பட வேண்டாம்.

ஆண், பெண் எண்ணிக்கையையும் பாருங்கள். நான் வேலை பார்த்த பள்ளிகளில், அண்ணனை இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏற்றிவிட்டுத் தங்கையை மட்டும் எங்களிடம் அனுப்பிய வீடுகள் சில இருந்தன. ஒரு வகுப்பில் பெண் பிள்ளைகள் மட்டும் அதிகமாக இருந்தால், அவர்களின் ஆண் உடன்பிறப்புகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வீட்டு மொழி

எல்லாக் கட்டத்திலும் முக்கியமானது இதுதான். அரசுப் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. தமிழ் வழிப் பள்ளி என்பதால் எல்லாப் பிள்ளைக்கும் ‘தமிழ்’ என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு, கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. எரவாளர், மலசர், இருளர் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சு தனி. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வந்த குடும்பங்களில் இந்தியும் வங்காளியும் ஒடியாவும் கேட்கும். தமிழ்க் குடும்பம் என்றாலும் அது கொங்குத் தமிழும் பாலக்காட்டு மலையாளமும் கலந்த பேச்சு. புத்தகத்தில் இருப்பதோ கேரளத்துப் பாடநூல்களைத் தயாரிக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி. போடும் எழுத்துத் தமிழ். இவ்வளவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை ஓணப் பரீட்சைக் கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டது. பழைய நானாக இருந்தால் கடைசி கிரேடான இ போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். அன்று அதைக் கூப்பிட்டுத் தாளை நானே படித்தேன். “ஒரு கூடையில் 48 மாங்காய்கள் இருந்தன. அவற்றுள் 19 விற்பனை செய்யப்பட்டன. எஞ்சியவை எத்தனை?” பேசாமல் நின்றது. “சரி கண்ணு, 48 மாங்காயில 19 வித்தாச்சு. மிச்சம் எத்தன?” என்று கேட்டேன். விரலை மடக்கக்கூட இல்லை, “இருவத்தொம்பது டீச்சர்” என்றது. முதலமடை மாந்தோப்பில் அம்மாவோடு கூடை எண்ணிய பிள்ளை அது. கழித்தல் தெரியும். ‘எஞ்சியவை’ தெரியாது. அந்த வெற்றுத் தாளில் இருந்தது தமிழ்ப் பாடத்தின் குறை, கணக்குப் பாடத்தில் பதிவாகிவிட்டது.

அதனால் வீட்டு மொழிக் கட்டத்தைக் காதால் நிரப்புங்கள். வீட்டுக்குப் போகும்போது பாட்டி பிள்ளையை எந்த மொழியில் அதட்டுகிறார் என்று கவனித்தால் போதும். ‘உங்கள் தாய்மொழி என்ன’ என்று கேட்டால் எது பள்ளிக்குச் சரியாக இருக்குமோ அதைத்தான் சொல்வார்கள்.

இந்தக் குடும்பங்களை ‘பாண்டிக்காரர் (தமிழ்நாட்டுக்காரர்), பிழைக்க வந்தவர்கள்’ என்று இளக்காரமாகச் சொல்லும் பேச்சு அங்கங்கே உங்கள் காதில் விழும். பழைய சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. சுற்றியிருந்த பாலக்காட்டுப் பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்றுதான் இன்றைய கேரளம் பிறந்தது. இங்கே தமிழ் பேசிய பல குடும்பங்களுக்கு வீடு நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. அதே ஆண்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளி நிற்பது அந்த உரிமையின் மேல்.

சாதிப் பிரிவும் சான்றிதழும்

இங்கே பட்டியலில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., ஓ.இ.சி., பொது என்று வரும். ஓ.இ.சி. (தகுதியுள்ள பிற சமூகங்கள்) கேரளத்துக்கே உரிய பிரிவு. தமிழ்நாட்டு டி.சி.யில் எம்.பி.சி. என்று இருப்பதைப் போட இங்கே கட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பட்டியல் தனி. அங்கே ஒரு பட்டியலில் இருக்கிற சமூகம் இங்கே அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. குடியரசுத் தலைவரின் ஆணைகள் வெளிவந்த 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்டச் சொல்வார்கள். பிறகு வந்தவர்களுக்குச் சொந்த மாநிலத்துச் சான்றிதழ்தான். மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்களே இந்தத் தாளைக் காட்ட முடியாமல் தவிக்கிறார்கள். ஆகவே உங்கள் நோட்டில் ‘சாதிப் பிரிவு’ ஒரு கட்டம், ‘சான்றிதழ் இருக்கிறதா’ இன்னொரு கட்டம் என்று தனித்தனியாக வையுங்கள். பள்ளியின் பட்டியல் ‘எஸ்.சி. 4’ என்று சொல்லும். உங்கள் நோட்டு 9 என்று சொல்லும். நடுவில் இருக்கிற ஐந்து பிள்ளைகளுக்கு இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை போய்ச் சேரவில்லை என்று பொருள். அந்த ஐந்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறதா, இங்கே ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் மஞ்சள் கார்டா, பிங்க் கார்டா என்பதும் அப்போது உதவும்.

மார்க்கைப் படிப்பது

எல்.பி. வகுப்புகளில் ஏ முதல் இ வரை கிரேடு. பரீட்சைத் தாளோடு தொடர் மதிப்பீடும் சேரும். தொடர் மதிப்பீடு ஆசிரியர் கையில் இருப்பதால், நல்ல மனசோடு எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டிருப்பார்கள். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைப் பிரித்து வைத்துவிட்டு, தாளில் வந்ததை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

அதற்கு மேல் நீங்களே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமங்களில் நடத்திவரும் ஏசர் ஆய்வின் முறை மிக எளிது. ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. எந்தப் படியில் தடையில்லாமல் வாசிக்கிறதோ அது அதன் நிலை. கணக்கில் ஓரிலக்க எண்ணை அறிதல், ஈரிலக்க எண்ணை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும். நாற்பது பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு பேர் என்று வைத்தால் இரண்டு வாரம். ஜூலையில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். சோதனை என்று சொல்லாதீர்கள், “வா, எனக்கு ஒரு கதை படிச்சுக் காட்டு” என்று கூப்பிடுங்கள். அப்புறம், வாய்க்கணக்கை வீட்டுப் பேச்சில் தனியாகக் கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுங்கள். வாய்க்கணக்கில் முன்னாலும் தாள் கணக்கில் பின்னாலும் இருக்கிற பிள்ளைக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி. இரண்டிலும் பின்தங்கிய பிள்ளைக்குத்தான் கணக்கை மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும். இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்து ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே மூலையில் உட்காரவைப்பது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம்.

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது கண்ணைச் சுருக்குகிற பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால் வட்டார வள மையமான பி.ஆர்.சி.க்கு உடனே சொல்லுங்கள்.

விழுக்காடு வேண்டாம்

மேலிடத்திலிருந்து கேட்கும் படிவங்களில் விழுக்காடு கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் மனதுக்குள் அதை நுழைய விடாதீர்கள். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். போன ஆண்டு நாலாம் வகுப்பில் 7 பிள்ளைகள், கணக்கில் சி கிரேடும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 5 பேர். 71 விழுக்காடு. இந்த ஆண்டு 6 பிள்ளைகள், 3 பேர். 50 விழுக்காடு. ‘தரம் 21 புள்ளி சரிந்துவிட்டது’ என்று உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்வார். ஆனால் பரீட்சை அன்று காய்ச்சலில் படுத்திருந்த ஒரே ஒரு பிள்ளை எழுதி சி வாங்கியிருந்தால் 6 பேரில் 4 பேர், 67 விழுக்காடு. சரிவு ஐந்து புள்ளிகூட இல்லை. ஒரு பிள்ளையின் காய்ச்சலைப் பள்ளியின் தரம் என்று பேசுகிறோம்.

அதோடு, இந்த ஆறு பேரும் போன ஆண்டு ஏழு பேரும் வேறு வேறு பிள்ளைகள். அவர்களை இவர்களோடு ஒப்பிட்டு என்ன தெரியப்போகிறது? இந்த ஆறு பேரை, இரண்டாம் வகுப்பில் இருந்த இவர்களோடு ஒப்பிடுங்கள். அன்று 8 பேர். 3 பேர் டி.சி. வாங்கிப் போனார்கள், ஒருவர் புதிதாக வந்தார். ஆக, ஒப்பிட முடிந்தவர்கள் 5 பேர்தான். அந்த ஐந்து பேரில் யார் சொல்லிலிருந்து பத்திக்கு வந்தார், யார் பத்தியிலேயே நின்றுவிட்டார் என்று பார்ப்பதுதான் பள்ளியின் படிப்பு நிலவரம். என் வழக்கம், இருபதுக்குக் கீழே விழுக்காடே போடுவதில்லை. ‘6 பேரில் 3 பேர்’ என்றுதான் எழுதுவேன், பேசுவேன்.

தேசிய அளவிலான ஆய்வுகளோடு உங்கள் பள்ளியை ஒப்பிடச் சொல்லியும் கேட்கலாம். 2024 டிசம்பர் 4 அன்று நடந்த பரக் ஆய்வு 3, 6, 9ஆம் வகுப்புகளில் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து எடுத்தது. மாவட்டத்தையும் மாநிலத்தையும் பற்றிப் பேசத்தான் அது உதவும். டவுனில் இருக்கிற பெரிய பள்ளியின் எஸ்.எஸ்.எல்.சி. முடிவைக் காட்டிப் பெற்றோர் கேட்டால், கேரளத் தேர்ச்சி 2023இல் 99.70, 2024இல் 99.69 விழுக்காடு என்பதைச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லாரும் தேறுகிற பரீட்சையில் தேர்ச்சியை வைத்துப் பள்ளியைப் பிரித்துப் பார்க்க முடியாது. எத்தனை பேர் ஏ பிளஸ், எத்தனை பேர் டி பிளஸில் தப்பித்தார்கள், அதில் தமிழ் வழிப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்கப் பழக்குங்கள்.

வருகை

வருகைப் பதிவேட்டை மாதக் கூட்டலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிழமையாகவும் காலமாகவும் பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வராத பிள்ளை சனி, ஞாயிறு பொள்ளாச்சிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போய் முதல் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கும். தைப் பொங்கலுக்கு பாலக்காடு உட்பட ஆறு எல்லை மாவட்டங்களுக்குக் கேரள அரசு ஒரு நாள் விடுமுறை விடுகிறது. நம் பிள்ளைகளுக்கு மாட்டுப் பொங்கலும் உண்டு, பூப்பொங்கலும் உண்டு. அந்த வாரம் காலியாகத்தான் இருக்கும். அதற்காகக் கோபப்படாமல், அந்த வாரம் புதுப் பாடம் தொடங்காமல் இருங்கள். தை பிறந்தால் முதலமடை மாந்தோப்பு வேலை வந்துவிடும், பெரிய பெண் பிள்ளைகள் தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுவார்கள். அதற்கு மட்டும் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பக்கம் பணியில் சேர்ந்தவர்களுக்கு இந்தக் காலக் கணக்கு வேறு. தாத்தாவோ பாட்டியோ ரிட்டயர்டு ஆனதும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும், பிள்ளை ஒரே வாரத்தில் போய்விடும். லயத்தில் யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் வரியில் ஆசிரியர்கள்

பிள்ளைகளின் வரிகளுக்கு மேலே ஒரு வரி காலியாக விடச் சொல்ல மறந்துவிட்டேன். அதில் எந்த மாதம் எந்த வகுப்புக்கு ஆசிரியர் இருந்தார், யார் தினக்கூலியில் வந்தார், எத்தனை வாரம் யாரும் இல்லை, வந்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று எழுதுங்கள். மார்க் சரிந்த மாதங்களையும் இந்த வரியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரும் எழுத்து நிலையிலேயே நின்றிருந்ததைப் பார்த்துப் பெற்றோரைத்தான் முதலில் குறை சொன்னோம். பிறகு பழைய பதிவேட்டைப் புரட்டினால், ஒன்றாம் வகுப்பில் அவர்களுக்கு நாலு மாதம் தமிழ் தெரிந்த ஆசிரியரே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய பக்கம் எங்களுடையது.

இந்த வரி கையில் இருந்தால் மேலே எழுத ஆதாரம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. பி.டி.ஏ. தலைவர் பெயரில் தமிழில் மனு எழுதச் சொல்லுங்கள். விவரம் நீங்கள் கொடுங்கள்.

பெற்றோர் கூட்டம்

கூட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டியது எண்ணிக்கை மட்டும்: எத்தனை பேர் கதை வாசிக்கிறார்கள், ஜூலையில் எத்தனை பேர் வாசித்தார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் வேண்டும். ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு அந்த வீட்டுக்காரரோடு மட்டும், தனியாக. “உங்க பையன் டி கிரேடு” என்று தொடங்காதீர்கள். பையனைக் கூப்பிட்டு ஜூலையில் வாசித்த பக்கத்தையும் இப்போது வாசிக்கிற பக்கத்தையும் அம்மா முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் வித்தியாசம் காதில் விழும்.

நாலு முடிந்த பிறகு

கேரளத்தில் எல்.பி. நாலாம் வகுப்போடு முடிகிறது, யூ.பி. 5 முதல் 7 வரை. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஐந்து வரை. இந்த ஒரு வகுப்பு வித்தியாசத்தில்தான் எல்லையோரப் பிள்ளைகள் கைநழுவுவதை அதிகம் பார்த்திருக்கிறேன். சிலர் மலையாள வழி யூ.பி.க்குப் போவார்கள், சிலர் கோட்டைத் தாண்டி ஐந்தாம் வகுப்பில் சேர்வார்கள், சிலர் எங்கும் சேராமல் நின்றுவிடுவார்கள்.

தாண்டிப் போகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்கு உயர்கல்வியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் அங்கே படித்திருக்க வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் சில வீடுகள் டி.சி. கேட்கின்றன. பள்ளி எண்ணிக்கை குறைகிறதே என்று டி.சி.யை இழுத்தடிக்காதீர்கள். எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை படித்தால் சரி. அதே சமயம், எந்த மாநிலத்துச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் செல்லும், அங்கே போனால் இங்கே எது போகும் என்பதைப் பிப்ரவரியிலேயே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் சொன்னால் அதற்குள் அட்வான்ஸ் கொடுத்து வீடு பார்த்திருப்பார்கள்.

மார்ச்சில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள்: வாசிப்பு நிலை, வாய்க்கணக்கு, வீட்டு மொழி, எதில் ஆசை. சாதிப் பிரிவும் வீட்டுக் கஷ்டமும் அதில் வேண்டாம். பெற்றோர் சம்மதத்தோடு புதுப் பள்ளியின் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த ஜூனில் ‘இப்போது எங்கே’ கட்டத்தைத் திறங்கள். சேர்ந்த பள்ளியின் பெயரும் யூடைஸ் எண்ணும் எழுதுங்கள். எழுத முடியாத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே போங்கள். எழுத முடிந்த பிள்ளைகளுக்கு, ஓணம் விடுமுறை முடிந்த வாரத்தில் வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். கேரளப் பக்கம் முதல் பரீட்சை அதற்குள் முடிந்திருக்கும், பிள்ளை அங்கே ஒட்டிக்கொண்டதா இல்லையா என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.